பக்கத்து முழங்கால்

அன்புள்ள அய்யா,

வணக்கம். வில்லாபுரத்திலிருந்து எழுதுகிறேன். 14 வருடமாக ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். எங்கள் குழுவில் டி.எம்.எஸ். பாட்டுகள் பாடிவந்த என் நண்பன் புரட்டாசியில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டான். வயது 38. அன்றிலிருந்து நான் கீபோர்டைத் தொடவில்லை. உறையைக்கூடக் கழற்றவில்லை.

இப்போது குழுவில் எல்லோரும் இசை அஞ்சலி நடத்தவேண்டும் என்கிறார்கள். அவன் பாடிய பழைய கச்சேரி வீடியோக்களிலிருந்து ஒரு ஆப் மூலம் அவன் குரலை மட்டும் பிரித்து எடுத்துவிட்டார்கள். மேடை நடுவில் மைக் ஸ்டாண்டில் அவன் சட்டையை மாட்டிவைத்து, அந்தக் குரலை ஓடவிட்டு, நாங்கள் பின்னால் வாசிக்கவேண்டுமாம். கேட்கும்போதே அழுகை வருகிறது, ஆனால் ஏதோ உறுத்துகிறது. இது சரியா? சில திருவிழாக் கமிட்டிக்காரர்கள் அவனுக்குத் தரவேண்டிய பாக்கியே இன்னும் வரவில்லை, இந்த நேரத்தில் செலவு செய்து அஞ்சலி தேவையா என்றும் தோன்றுகிறது.

இன்னும் இரண்டு கேள்விகள். கீபோர்டு வாசிக்கக் கர்நாடக சங்கீதம் படித்தே ஆகவேண்டுமா? ஒரு பெரியவர் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு “நாடகப் பெட்டி மாதிரி இருக்கு” என்றார். ஸ்பெஷல் நாடகமெல்லாம் இப்போதும் நடக்கிறதா?

உங்கள் வாசகன்

* * *

தம்பி,

நீ என்றே எழுதுகிறேன். என் மகன் வயதுதான் இருக்கும் உனக்கு, கோபித்துக்கொள்ள மாட்டாய்.

உன் கடிதம் வந்தபோது என் ஆர்மோனியப் பெட்டியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். மார்கழி அல்லவா. மெட்ராஸில் சங்கீத சீசன், நாடகக்காரர்களான எங்களுக்கு வேலையில்லாத மாதம். மூலையில் கிடந்த பெட்டியின் துருத்தித் தோலை எலி கடித்திருந்தது, ஒலி எழுப்புகிற பித்தளை ரீடு ஒன்று சுருதி இறங்கியிருந்தது. ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத பித்தளைத் தூள்தான் உதிரவேண்டும், கொஞ்சம் கூடப்போனால் ரீடு போச்சு. சுரண்டிக்கொண்டிருந்தவன் நடுவில் உன் கடிதத்தைப் படித்தேன். திரும்பவந்து கூடச் சுரண்டிவிட்டேன். அந்த ரீடுக்கு நீயும் பொறுப்பு.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கர்நாடக சங்கீதம் படிக்கவேண்டுமா? படி, கெட்டுப்போக மாட்டாய். ஸ்பெஷல் நாடகம் நடக்கிறதா? மதுரையில் இருந்துகொண்டு இதைக் கேட்க உனக்கு வெட்கமாக இல்லையா? பங்குனி, சித்திரையில் ஏதாவது ஒரு ராத்திரி பஸ் ஏறிச் செக்கானூரணியைத் தாண்டிப் போய்ப் பார். மந்தையில் மேடை போட்டு விடிய விடிய வள்ளி திருமணம் நடந்துகொண்டிருக்கும். முன்வரிசையில் கிழவிகள் பாயைப் போட்டுப் பாதித் தூக்கத்தில், ஆனால் பாட்டில் ஒரு வரி விட்டுப்போனாலும் எழுந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

நாடகப் பெட்டி மாதிரி இருக்கு என்றாரே அந்தப் பெரியவர், அவரை நான் திட்டப்போவதில்லை. அந்த வசவு எனக்குப் பழக்கமானது. அகில இந்திய வானொலியே 1940 மார்ச்சிலிருந்து 1971 வரை ஆர்மோனியத்தை வாசலில் நிறுத்திவைத்திருந்தது. பன்னிரண்டு ஸ்வரத்தில் அடைத்துவைத்த வெளிநாட்டுப் பெட்டி, கமகம் வராது, நம் சங்கீதத்தைக் கெடுக்கிறது என்றார்கள். கமகம் வராது என்பது உண்மைதான், அதை மறுக்க எனக்கு வாயில்லை. வீணைக்காரர் கம்பியை இழுத்து ஸ்வரத்தை அசைப்பார், நான் கட்டையை அமுக்கினால் அமுக்கினதுதான். ஆனால் அதனால்தான் இந்தப் பெட்டி யாரோ ஒருவருக்குப் பின்னாலேயே போய்ப் பழகியது. எங்களுக்குப் பின்பாட்டு என்றுதான் பெயர். முன்னால் நிற்கிறவர் எங்கே இழுக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று பார்த்து அந்த இடத்தை நிரப்புவது. அது ஒரு கலை இல்லை என்று சொல்கிறவர்களை ஒரு ராத்திரி என் நாற்காலியில் உட்கார வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

1940 என்றாலே எனக்கு வானொலியைவிட முன்னால் ஞாபகம் வருகிறவர் நாடக நடிகர் விஸ்வநாததாஸ். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். மேடையில் வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடி ஜெயிலுக்குப் போனவர். அந்த வருடம் டிசம்பர் 31 ராத்திரி, மெட்ராஸில் வள்ளி திருமணம். முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். தியாகி என்று சிலை வைத்திருக்கிறார்கள், நல்லது. எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது வேறு. அன்றைக்குப் பெட்டியில் இருந்த மனுஷர், அவர் மூச்சு வாங்குகிறார், அடுத்த அடி வரப்போகிறது என்று எவ்வளவு நேரம் அந்த ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மாதமாகத் தொடவில்லை என்கிறாய். தொடாதே. யாரும் அவசரப்படுத்தவில்லை. இந்நேரம் உனக்குப் பலபேர் நாடகப் பாடகி கே.பி. சுந்தராம்பாள் கதையைச் சொல்லியிருப்பார்கள். 1933-ல் கணவர், நாடக நடிகர் கிட்டப்பா 27 வயதில் போனார், அந்தம்மா வெள்ளைச் சேலை கட்டினார், ஒதுங்கினார், 1935-ல் ‘நந்தனார்’ படத்தில் வந்து பாடினார், அதுபோல நீயும் எழுந்து வா என்று. பெரியவர்கள் கதை பெரியவர்களுக்கு. அந்தக் கதையில் எனக்குத் தென்படுகிறவர் காசி ஐயர்தான். கிட்டப்பாவின் அண்ணன். தம்பிக்குப் பெட்டி வாசித்தவர். தம்பியின் மூச்சை எண்ணி எண்ணியே பழகிய கைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்று யாராவது கேட்டார்களா? ஒன்று மட்டும் செய். கீபோர்டு உறையைக் கழற்றித் துடைத்து மூடு. இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி அந்தக் குரலை ஓடவிடுகிற யோசனை. வேண்டாம். எனக்குப் பிடிக்கவேயில்லை.

பாடகர் குரல் இல்லாமல் வாத்தியங்களை மட்டும் பதிவுசெய்த மைனஸ் ட்ராக்கைப் பற்றி நான் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். நீ போக முடியாது, நீதான் கேட்டாய். ஒரு காலத்தில் மதுரையில் ஒரு தெரு மாரியம்மன் திருவிழாவுக்குக்கூட வேனில் பத்துப்பேர் வந்து இறங்குவார்கள். தபலா, டிரம்ஸ், கிடார், வயலின், பாங்கோஸ், இரண்டு மூன்று பாடகர்கள். இப்போது ஒரு லேப்டாப், இரண்டு பாடகர்கள். கேட்டால் பட்ஜெட் இல்லையாம். தெருவுக்கு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சீரியல் செட் மின்னுகிறது, அதற்கு மட்டும் பட்ஜெட் இருக்கிறது. நீயும் யோக்கியன் இல்லை, தம்பி. உன் கீபோர்டில் பொத்தானைத் தட்டினால் தபலா வருகிறது, டோலக் வருகிறது, உறுமிகூட வருகிறதாம். உன் குழுவில் தபலா வாசித்தவர் இப்போது என்ன செய்கிறார் என்று நீ எழுதவில்லை. நானும் உத்தமன் இல்லை. பார்சிக் கம்பெனிகளும் மராத்திக் கம்பெனிகளும் தெற்கே நாடகம் போட வந்தபோது கூடவே வந்த பெட்டி இது. எங்கள் மேடையில் இது உட்கார்ந்த இடத்திலிருந்து யார் எழுந்து போனார்களோ, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் புது சாமான் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு, அதைச் சொல்ல என் மிருதங்கக்காரனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவன் மேலூர்ப் பக்கம். 23 வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வெளியில் பார்த்தால் எங்களை நண்பர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு குறைவாகப் பேசுவோம். பஸ்ஸில் அவன் ஜன்னல், நான் ஓரம். டீக்கடையில் ஒருநாள் நான் காசு, ஒருநாள் அவன் காசு. ஒருதடவை நத்தம் பக்கம் ஒரு ஊரில், மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடதுபக்கத் தோலில், ஒட்ட ரவை தீர்ந்துபோய், ஒரு வீட்டில் கொஞ்சம் ரவை கேட்டுவரச் சொல்லிப் பையனை அனுப்பினோம். அரைமணி கழித்து வாழையிலை மூடிய தூக்குவாளி வந்தது. கலைஞர்கள் பசியோடு இருக்கிறார்கள் என்று அந்தம்மா தாளித்து உப்புமாவே கிண்டி அனுப்பிவிட்டார். நேரம் பத்தைத் தாண்டிவிட்டது, கூட்டம் விசில் அடிக்கிறது. அவன் கடுகையும் மிளகாயையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப்போட்டுவிட்டு மிச்சத்தைப் பிசைந்து தொப்பியில் அப்பினான். எண்ணெய்ப் பசை, ஒட்டுமா? அரைமணிக்கு ஒருதரம் பொத்தென்று மடியில் விழுந்தது. விடிய விடிய கறிவேப்பிலை வாசத்தோடு அரிச்சந்திரா மயான காண்டம். லோகிதாசனைப் பாம்பு கடித்துச் சந்திரமதி புலம்புகிறாள், நாங்கள் இரண்டுபேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறோம். துக்கத்தில் குலுங்குகிறோம் என்று ஊர்க்காரர்கள் பாராட்டினார்கள்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது, அது உனக்குத் தெரிந்திருக்காது. கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், கதாநாயகி வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து வருவார். வேஷம் கட்டுகிற இடத்தில்தான் முதல்முறையாக முகம் பார்ப்பார்கள். எந்த விருத்தத்தை எடுப்பார்கள், எத்தனை அடி பாடுவார்கள், எந்தப் பாட்டில் இறங்குவார்கள் என்பது மேடையில்தான் தெரியும். விருத்தத்துக்குத் தாளமில்லை, அதனால் மிருதங்கத்துக்கு அப்போது வேலையில்லை. ராத்திரி மூன்று மணி. சிலபேர் வெற்றிலை போடுவார்கள், சிலபேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். இவன் தூங்கமாட்டான். எனக்கு நாற்காலி, அவனுக்குப் பக்கத்தில் பெஞ்சு. சம்மணம் போட்டால் அவன் முழங்கால் என் தொடையை ஒட்டித்தான் இருக்கும். விருத்தம் முடிந்து பாட்டு ஆரம்பிக்கப்போகிறது என்பதை முன்னாடியே கண்டுபிடித்து முழங்காலால் ஒரு இடி இடிப்பான். நான் கையைத் தயாராகக் கொண்டுபோய்விடுவேன். ஒருநாள்கூடத் தப்பியதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் கேட்டேன், எப்படிடா தெரியுது என்று. “காலைப் பாருங்கண்ணே” என்றான். “பாட்டு எடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் கட்டைவிரலைத் தரையில ஊனுவாங்க.” நான் அத்தனை வருடமாக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

12 வருடம் ஆகிறது. ஒரு பங்குனி மாதம். விடியக்காலை நாடகம் முடித்து வீட்டுக்குப் போனவன், படுத்தவன், மதியம் சாப்பாட்டுக்கு எழுப்பினபோது எழுந்திருக்கவில்லை. அன்று ராத்திரி எனக்கும் அவனுக்கும் எழுமலைப் பக்கம் நாடகத் தேதி. போய் மாலை போட்டேன். அவன் பெண்சாதி என்னைப் பார்த்து, “தேதி இருக்குல்ல, போயிட்டு வாங்கண்ணே, காலையிலதான் எடுக்கிறாங்க” என்றார். போனேன். போனதற்கு இன்றுவரை என்னைப் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும்.

அவன் இடத்துக்கு வேறொரு பையனை அனுப்பியிருந்தார்கள். 19 வயது, நல்ல கை. பெஞ்சில் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தான், மரியாதைக்கு. மூன்று மணிக்கு வள்ளி விருத்தம் எடுத்தார். நான் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன். கை போகிறது, தொடை மட்டும் இடிக்காகக் காத்திருக்கிறது. இடி வரவில்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டது. நான் இன்னும் விருத்தத்தின் கடைசி ஸ்வரத்திலேயே நிற்கிறேன். பெட்டியில்லாமல் அரை அடி மொட்டையாகப் போனது. அந்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். முதல் அடியைத் திரும்பப் பாடினார். எனக்கு இன்னும் கை வரவில்லை. மறுபடியும் அதே அடியைப் பாடினார், இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எனக்கு எடுத்துக்கொடுக்கிற மாதிரி. மூன்றாவது தடவை போய்ச் சேர்ந்துவிட்டேன். உருகிப் பாடுகிறார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவருக்கு அன்றைக்கு மதியம் நடந்தது யாரோ சொல்லியிருக்கிறார்கள். விடிந்து வேஷம் கலைக்கும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அண்ணே, ராத்திரி ஏதாவது சாப்பிட்டீங்களா?”

உன் ஆப்பை இதைச் செய்யச் சொல், பார்ப்போம்.

உன் சிநேகிதன் உயிரோடு இருந்தபோது நீ தப்பான ஸ்வரம் பிடித்தால் என்ன செய்வான்? திரும்பி முறைத்திருப்பான். இல்லை, சங்கதியைச் சுருக்கிக்கொண்டு உனக்காக அடுத்த அடிக்குத் தாவியிருப்பான். அதுதானே உங்கள் சிநேகிதம்? பதினாலு வருடம் வேறென்ன பேசிக்கொண்டீர்கள்? இப்போது ஸ்பீக்கரில் வருகிறவன் உனக்காக நிற்கமாட்டான். நீ அழுது கை நின்றாலும் அவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போவான். உனக்கு உறுத்துகிறது என்றாயே, அது இதுதான். அந்தக் குரலைத் தனியாக வீட்டில் வைத்துக் கேள், அவன் பிள்ளைகளுக்குக் கொடு, யார் வேண்டாமென்றார்கள்? அதற்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்காதே.

சட்டையை மைக்கில் மாட்டுவது சோளக்கொல்லை பொம்மை மாதிரி இருக்கும். அவன் வீட்டில் கேட்டார்களா, அந்தச் சட்டையை எடுக்க?

என் சிநேகிதன் போனபின் அந்த ஆடி வரைக்கும் அவன் முகம் சுவர்களில் இருந்தது. வாலிபத்தில் எடுத்த ஒரே போட்டோ, சுருட்டை முடி, அகலக் காலர், அதைத்தான் எல்லா நோட்டீஸிலும் போடுவார்கள். தேதிகள் முன்னாலேயே முடிவாகி நோட்டீஸ் அச்சாகிவிட்டது. பேரையூரில், கல்லுப்பட்டியில், வாடிப்பட்டியில், டீக்கடைச் சுவரில் என் படத்துக்குப் பக்கத்தில் அவன் படம். “மிருதங்கம் ஏன் வரலை?” என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் சொல்வேன். கேட்டவர்கள் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றுவிட்டு, வந்திருக்கிற பையனுக்கும் சேர்த்து டீ சொல்வார்கள். எனக்கு அஞ்சலிக் கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நீ நடத்தவேண்டாம் என்று சொல்லவில்லை. நடத்து. ஆனால் அதற்கு முன்னால் பாக்கிப் பணத்தை வாங்கு. கமிட்டிக்காரர் வீட்டு வாசலில் நீங்கள் பத்துப்பேரும் போய் உட்காருங்கள், வாத்தியங்களோடு. கொடுத்துவிடுவார்கள்.

அந்த 19 வயதுப் பையனுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். என் பக்கத்தில்தான் வாசிக்கிறான். இடிக்கமாட்டான், லேசாகக் கனைப்பான். எனக்கு அது பழக நாலு வருடம் ஆனது. வில்லாபுரத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். டி.எம்.எஸ். பிறந்த மதுரை இது, அவர் பாட்டைப் பாட உங்கள் தெருவிலேயே நாலுபேர் இருப்பார்கள். சுமாராகப் பாடினாலும் பரவாயில்லை, உயிரோடு நிற்கிற ஒருவரை நிறுத்து. உங்கள் தபலாக்காரர் எங்கே இருந்தாலும் தேடிக் கூப்பிடு. நீ வாசிக்க வந்தால் வா, இல்லையென்றால் கீழே உட்கார்ந்து கேள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

தேதியைத் தைக்குள் வை, மாசி பிறந்தால் எனக்கு ராத்திரிகள் கிடையாது. அப்புறம், பையனின் மிருதங்கத்துக்கு ஒரு நூறு கிராம் ரவை வாங்கி வைக்கச் சொல். வறுக்காத ரவை. யாரிடம் சொன்னாலும், தாளிக்கவேண்டாம் என்று சேர்த்துச் சொல்.